முதுகில் கதவுள்ள உடை: பள்ளி அறிவியல் கூடத்துக்கு எந்த விண்வெளி உடையின் மாதிரி?

பாம்பன் பாலத்துக்கு அருகிலுள்ள கடற்கரை ஊர் ஒன்றின் அரசுப் பள்ளியில், முன்னாள் மாணவர்கள் திரட்டிய பணத்தில் அறிவியல் கூடம் ஒன்று உருவாகி வருகிறது. அதன் நடுவில் விண்வெளி உடை ஒன்றின் ஆளுயர மாதிரியை நிறுத்துவதென்று பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானித்துவிட்டது. பேக்கரும்பிலுள்ள அப்துல் கலாம் நினைவகத்தில் ராக்கெட் மாதிரிகளைப் பலமுறை பார்த்துவிட்ட பிள்ளைகளுக்கு, அந்த ராக்கெட்டின் உச்சியில் அமர்ந்து போகும் மனிதர் அங்கே எப்படி உயிரோடு இருக்கிறார் என்பதைக் காட்ட இப்பகுதியில் ஏதாவது வேண்டும் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம், நியாயமான காரணம்தான். எந்த உடையின் மாதிரி என்பதில்தான் குழுவுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. ராகேஷ் சர்மா அணிந்த ரஷ்யாவின் சோகோல், படங்களில் எல்லோரும் பார்த்துப் பழகிய அமெரிக்காவின் இ.எம்.யூ., இங்கே அவ்வளவாக யாரும் அறியாத ரஷ்யாவின் ஓர்லான் ஆகிய மூன்றும் முன்மொழியப்பட்டுள்ளன. குழுவில் ஒருவன் என்ற முறையில் மூன்றையும் ஒப்பிட்டு என் கருத்தை எழுதியிருக்கிறேன்.

வெள்ளைத் துணி போர்த்திய பொம்மை ஒன்றை நிறுத்துவதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. மாதிரியைப் பார்க்கும் மாணவர், இந்த உடை எதிலிருந்து காக்கிறது, எப்படிக் காக்கிறது என்று தாமே கண்டுகொள்ள வேண்டும். ஆகவே உடை செய்யும் வேலை கண்ணுக்குத் தெரிகிறதா என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். நம் ஊர்ப் பட்டறைகளில் அதைச் செய்ய முடியுமா, உப்புக்காற்றில் எத்தனை ஆண்டு தாங்கும் என்பவை அதற்கடுத்தவை. புகழும் அழகும் அவற்றுக்கும் பின்னால்தான் வர வேண்டும்.

சென்ற கூட்டத்தில், இளவயதில் சங்கு குளித்த பெரியவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். “தண்ணிக்குள்ள இறங்க இறங்க நெஞ்சைப் போட்டு அமுக்கும் சார். மேலே போனா அமுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே, அப்புறம் எதுக்கு அம்புட்டுப் பெரிய சட்டை?” ஒப்பீட்டை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடல் மட்டத்தில் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்கு நிகராக அழுத்திக்கொண்டிருக்கிறது. அதாவது சுமார் 101 கிலோபாஸ்கல். நீருக்குள் பத்து மீட்டர் இறங்கினால் இன்னொரு மடங்கு சேர்கிறது. மேலே போகப் போக இது குறைந்து, விண்வெளியில் ஏறக்குறைய சுழியாகிவிடுகிறது. அமுக்க ஒன்றும் இல்லாததே அங்கே ஆபத்து. அழுத்தம் குறையக் குறைய நீரின் கொதிநிலையும் இறங்கும். சுமார் 19 கிலோமீட்டர் உயரத்தில், அழுத்தம் 6.3 கிலோபாஸ்கல் அளவுக்கு வரும்போது, நம் உடல் வெப்பமான 37 டிகிரியிலேயே நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். குழாய்களுக்குள் அடைபட்டிருக்கும் குருதி உடனே கொதிப்பதில்லை என்றாலும், கண்ணின் ஈரமும் நாவின் எச்சிலும் நுரையீரலின் ஈரப்பசையும் ஆவியாகும். நுரையீரலிலிருந்து ஆக்சிஜன் குருதிக்குள் போவதற்குப் பதிலாகக் குருதியிலிருந்து வெளியே வந்துவிடும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 1966ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நாசாவின் வெற்றிட அறையொன்றில் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெப்ளாங்க் என்பவரின் உடையிலிருந்து அழுத்தக் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடிகளில் அவர் நினைவிழந்து விழுந்தார். அறைக்குள் விரைந்து காற்று நிரப்பப்பட்டதால் பிழைத்துக்கொண்டார். நாவின் மேல் எச்சில் கொதித்து நுரைத்ததே நினைவு தப்புமுன் அவர் கடைசியாக உணர்ந்தது.

ஆகவே எந்த விண்வெளி உடைக்கும் முதல் வேலை, உடலைச் சுற்றி வாயுவை அழுத்தத்தோடு பிடித்துவைப்பது. பூமியிலுள்ள அதே 101 கிலோபாஸ்கலை உடைக்குள் வைத்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் கையை மடக்க முடியாது. வெளியே ஒன்றுமில்லாத இடத்தில் உள்ளே காற்றடைத்த துணி விறைத்துக் குழாய்போல் நின்றுவிடும். 1965 மார்ச் 18 அன்று மனித குலத்திலேயே முதலாவதாகக் கலத்துக்கு வெளியே வந்த அலெக்சி லியோனோவ், பன்னிரண்டு நிமிடம் வெளியே மிதந்தபின் உள்ளே திரும்ப முடியாமல் தவித்தது இதனால்தான். உடை உப்பிக்கொண்டு கைவிரல்கள் கையுறையின் நுனியை எட்டவில்லை. வாயிலுக்குள் நுழைய உடம்பை வளைக்கவும் இயலவில்லை. உடையின் அழுத்தத்தைத் தாமே 40 கிலோபாஸ்கலிலிருந்து சுமார் 27க்குக் குறைத்துக்கொண்டு, விதிமுறைக்கு மாறாகத் தலையை முன்னால் நுழைத்து அவர் உள்ளே போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து இன்றுவரை உடை வடிவமைப்பவர்கள் அழுத்தத்துக்கும் அசைவுக்கும் இடையில்தான் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பேரத்தில் அவர்களுக்குக் கைகொடுப்பது தூய ஆக்சிஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 கிலோபாஸ்கல் மட்டுமே. மீதம் பெரும்பாலும் நைட்ரஜன். நைட்ரஜனை விட்டுவிட்டு ஆக்சிஜனை மட்டும் நிரப்பினால், இ.எம்.யூ. உடையில் உள்ளதுபோல் 29.6 கிலோபாஸ்கலிலேயே ஒருவர் நன்றாகச் சுவாசித்து வேலை செய்யலாம். ஆனால் வேறொரு வில்லங்கம் காத்திருக்கிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குள் இருப்பது நம் ஊர்க் காற்றின் அழுத்தமே. அதில் பழகிய உடலின் திசுக்களில் நைட்ரஜன் கரைந்திருக்கும்; அழுத்தம் திடீரென்று குறைந்தால் அது குமிழியாகிக் குருதியிலும் மூட்டுகளிலும் திரளும். காற்றுக்குழாயின் துணையோடு ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைந்து மேலே வரும் மூழ்குபவர்களைக் கை கால் முடங்கச் செய்வதும் உயிரையே பறிப்பதும் இதே குமிழிதான். கேள்வி கேட்ட பெரியவருக்கு இதை விளக்கியபோது, மேலே சொல்லிமுடிக்கும் முன்பே அவர் தலையாட்டினார். வெளியே போகுமுன் விண்வெளி வீரர்கள் தூய ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்றிக்கொள்வது இதற்காகத்தான். உடையின் அழுத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நேரம் அதற்குத் தேவைப்படும். பின்னால் ஓர்லானைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கு மறுபடியும் வரும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, நினைப்பதற்கு மாறாக, குளிரிலிருந்து காப்பதைவிட உடலின் சொந்தச் சூட்டை வெளியேற்றுவதே பெரும்பாடு. பூமியைச் சுற்றும் பாதையில் வெயில்படும் பரப்பு 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகவும், நிழலில் உள்ள பரப்பு சுழிக்குக் கீழே 150 டிகிரிக்கும் மேலாகக் குளிரவும் கூடும். தொண்ணூறு நிமிடத்துக்கொரு முறை பகலும் இரவும் வந்துபோகும். பளபளக்கும் அலுமினியப் பூச்சுள்ள மெல்லிய தாள்களை அடுக்கடுக்காக வைத்து இதைத் தடுத்துவிடுகிறார்கள். ஆனால் அப்படித் தடுத்தபின் உள்ளே உழைக்கும் உடலின் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. வியர்வையை உலர்த்தக் காற்றோட்டமும் இல்லை. அதனால்தான் தண்ணீர் ஓடும் குழாய்கள் தைத்த உள்ளாடை தேவைப்படுகிறது. நுண்விண்கற்கள், கண்கூசும் வெயில், புற ஊதாக் கதிர் ஆகியவற்றுக்கு வலுவான வெளித்துணியும் பொன்பூச்சு முகக்கவசமும் உண்டு. விண்வெளிக் கதிர்வீச்சிலிருந்து உடை பெரிதாகக் காப்பதில்லை. அதையும் மாதிரியின் பலகையில் மறைக்காமல் எழுத வேண்டும்.

இனி மூன்று உடைகளையும் பார்க்கலாம்.

சோகோலுக்கு வாதாடுபவர்கள் சொல்வது நெஞ்சைத் தொடும் வாதம். 1984 ஏப்ரல் 3 அன்று சோயூஸ் டி-11 கலத்தில் புறப்பட்ட ராகேஷ் சர்மா அணிந்திருந்தது இதுதான். ககன்யான் வீரர்கள் அணிய இருப்பதும் இவ்வகையான, கலத்துக்குள் அணியும் உடைதான். அவர்களில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்பது பிள்ளைகளை ஈர்க்கும். எடை சுமார் பத்துக் கிலோ. உள்ளே காற்றுப் பிடிக்கும் ரப்பர் பூசிய படலம், வெளியே நைலான் துணி என்று இரண்டே அடுக்கு. நம் ஊர்த் தையல்காரர் ஒருவரே தைத்துவிடலாம். இதை அணியும் முறையும் சுவையானது. மார்பின் முன்புறம் உள்ள பெரிய திறப்பின் வழியே கால்களை முதலில் விட்டு உள்ளே நுழைய வேண்டும். பிறகு பைபோல் தொங்கும் உட்படலத்தின் வாயைக் கொத்தாகச் சேர்த்து முறுக்கி, ரப்பர் பட்டையால் இறுகக் கட்டி, மேலே வெளித்துணியை இழுத்து மூட வேண்டும். உயிரைக் காக்கும் காற்று வெளியேறாமலிருப்பது அந்த ரப்பர்க் கட்டினால்தான் என்பதைக் கேட்டவுடன் நம்ப முடியாது.

இந்த உடை வந்த கதையை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1971 ஜூன் 30 அன்று சோயூஸ் 11 கலம் பூமிக்குத் திரும்புகையில், கலத்தின் பகுதிகள் பிரியும்போது ஒரு வால்வு தவறுதலாகத் திறந்து உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. தோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ் ஆகிய மூவரும் அழுத்த உடை இல்லாமல் பயணம் செய்தவர்கள். கலம் பத்திரமாகத் தரையிறங்கியது, அவர்கள் உயிரோடு இல்லை. அதன்பின் 1973 முதல் சோயூஸ் பயணிகள் அனைவருக்கும் சோகோல் வந்தது. மூன்று பேர் அமர்ந்த இடத்தில் உடைக்கும் அதன் கருவிகளுக்கும் இடம் வேண்டி, பல ஆண்டுகள் இருவரை மட்டுமே அனுப்பினார்கள்.

ஆனால் சோகோல் ஒரு அவசரகால உடை. கலத்தில் காற்று கசிந்தால் தரையிறங்கும் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரம், உயிரைக் காப்பதே அதன் வேலை. ஆக்சிஜனும் குளிர்ச்சியும் கலத்திலிருந்தே குழாய் வழியாக வர வேண்டும். ஏவுதளத்துக்கு நடந்து போகும்போது வீரர்கள் கையில் சிறு பெட்டி ஒன்றைத் தூக்கிச் செல்வதைப் பார்த்திருக்கலாம். உடைக்குள் காற்றோட்டம் தரும் கருவி அது. இருக்கையில் மடங்கி அமர்வதற்கென்றே வெட்டித் தைத்திருப்பதால் நிற்கும்போது கூன் விழுந்ததுபோல் தோன்றும். நிமிர்ந்து நிற்கும் மாதிரியாக வைத்தால் அதுவே பிழையாகிவிடும். நுண்விண்கல் காப்பு இல்லை, வெப்பக் காப்பு அடுக்குகள் இல்லை, கரியமில வாயுவை நீக்கும் ஏற்பாடு இல்லை. உடை எப்படிக் காக்கிறது என்று காட்டுவதற்குச் சோகோலை வைத்தால், அழுத்தம் என்ற ஒரே அத்தியாயத்தோடு பாடம் முடிந்துவிடும். நம்மவர் அணிந்தது என்ற பெருமைக்குச் சுவரில் ஒரு பெரிய படம் போதும் என்பது என் எண்ணம்.

இ.எம்.யூ. அதற்கு நேர்மாறு. 1983 ஏப்ரலில் சேலஞ்சர் விண்கலத்தின் முதல் பயணத்தில் அறிமுகமாகி, மாற்றங்களோடு விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து பயன்பட்டுவரும் இந்த உடை, உண்மையில் ஒருவர் அணிந்துகொள்ளும் சிறு விண்கலம். தரையில் சுமார் 127 கிலோ எடை. மொத்தம் பதினான்கு அடுக்கு என்று கணக்கிடுவார்கள்: குளிரூட்டும் உள்ளாடைக்கு மூன்று, காற்றைப் பிடித்துவைக்கும் பைக்கு ஒன்று, அந்தப் பை உப்பிவிடாமல் வடிவத்தில் நிறுத்தும் துணிக்கு ஒன்று, கிழிசல் தாங்கும் ஓர் அடுக்கு, அலுமினியம் பூசிய மைலார் என்ற நெகிழித் தாள் ஏழு, எல்லாவற்றுக்கும் மேலே கெவ்லார், நோமெக்ஸ் இழைகள் கலந்த வெளித்துணி. மார்புப் பகுதி கண்ணாடியிழையாலான கெட்டி ஓடு. பைபர் படகு கட்டும் பட்டறைகள் நம் கரை நெடுக உள்ளன. அசல் உடையில் உள்ள அதே பொருளிலேயே அந்த ஓட்டை நம்மால் வார்க்க முடியும். இந்த ஒன்றில் இ.எம்.யூ.வுக்குப் போட்டியே இல்லை.

உள்ளாடையில் ஓடும் குழாயின் நீளம் சுமார் 91 மீட்டர். அந்தத் தண்ணீர் உடலின் சூட்டை வாங்கிக்கொண்டு முதுகுப் பெட்டிக்குப் போகிறது. அங்கே நுண்துளைகள் உள்ள உலோகத் தகடு ஒன்றின் வழியே வேறு கொஞ்சம் தண்ணீர் வெற்றிடத்துக்குக் கசிந்து, உறைந்து பனிக்கட்டியாகி, திரவமாகாமலே நேராக ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. சுவாசித்த காற்றிலுள்ள கரியமில வாயுவை லித்தியம் ஹைட்ராக்சைடோ, சூடாக்கித் திரும்பவும் பயன்படுத்தத்தக்க உலோக ஆக்சைடோ ஈர்த்துக்கொள்கிறது. முதன்மை ஆக்சிஜன் அமைப்பு பழுதானால் அரை மணி நேரத்துக்கேனும் கைகொடுக்கத் தனிக் கலன் இருக்கிறது.

இவ்வளவு நுட்பமும் பழுதாகக்கூடியதுதான் என்பதற்கு 2013 ஜூலை 16 சாட்சி. அன்று நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்த இத்தாலிய வீரர் லூகா பர்மிட்டானோவின் பின்னந்தலையில் தண்ணீர் சேரத் தொடங்கியது. எடையற்ற இடத்தில் தண்ணீர் கீழே வடிவதில்லை. பரப்பில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து போகும். ஒரு லிட்டருக்கும் மேலான தண்ணீர் கண்ணையும் காதையும் மூக்கையும் மூடிக்கொண்ட நிலையில், பாதுகாப்புக் கயிற்றின் இழுப்பை வைத்து வழி தேடி அவர் வாயிலுக்குத் திரும்பினார். குளிரூட்டும் தண்ணீரைப் பிரிக்கும் கருவியில் அழுக்கு அடைத்துக்கொண்டதே காரணம். அதன்பின் தலைக்கவசத்துக்குள் தண்ணீரை உறிஞ்சும் பஞ்சணையும், தண்ணீர் முகத்தை மூடினாலும் உடையின் கீழ்ப்பகுதியிலுள்ள காற்றைச் சுவாசிக்க ஒரு மூச்சுக்குழாயும் வைத்தார்கள். விண்வெளியில் ஒருவர் மூழ்கிப்போகப் பார்த்தார் என்பதைக் கடற்கரைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இத்தனை இருந்தும் நான் இ.எம்.யூ.வைப் பரிந்துரைக்கத் தயங்குவது, அந்த நுட்பமெல்லாம் மூடிக் கிடப்பதால்தான். இடுப்பில் உலோக வளையத்தால் பூட்டப்படும் மேல்பகுதி, கீழ்ப்பகுதி என்று இரண்டாகப் பிரியும் உடை அது. கீழ்ப்பகுதியை அணிந்தபின் மேல்பகுதிக்குள் கைகளை உயர்த்தியபடி நுழைய வேண்டும், பூட்ட இன்னொருவர் உதவ வேண்டும். மாதிரியாக நிற்கும்போது பார்ப்பவர்களுக்குத் தெரிவது வெள்ளைத் துணியும் பொன்னிற முகமும்தான். அளவுச் சிக்கலும் உண்டு. மார்பு ஓடு வெவ்வேறு அளவுகளில் வரும். 2019 மார்ச்சில் பெண்கள் இருவர் மட்டுமே செல்லவிருந்த முதல் விண்நடை, ஆன் மெக்லெயினுக்குப் பொருந்தும் நடுத்தர அளவு ஓடு இரண்டாவதாக ஒன்று ஆயத்தமாக இல்லாததால் மாற்றப்பட்டது. அந்தப் பெருமை அதே ஆண்டு அக்டோபரில் கிறிஸ்டினா கோக், ஜெசிகா மெயர் இருவருக்கும் போய்ச்சேர்ந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் உள்ளே நின்று பார்க்க வேண்டிய ஒரு மாதிரிக்கு இந்தக் குணம் உதவாது.

ஓர்லானை முதலில் அணிந்து வெளியே வந்தது 1977 டிசம்பரில், சல்யூட் 6 நிலையத்தில். அதன் தனிச்சிறப்பு முதுகு. மார்பும் வயிறும் அலுமினியக் கலவையாலான ஒரே கெட்டி ஓடு. கைகளும் கால்களும் மென்துணி. தலைக்கவசம் ஓட்டோடு சேர்ந்தே இருக்கிறது. முதுகிலுள்ள உயிர்காப்புப் பெட்டியே கதவு. கீலில் தொங்கும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு, கால்களை முதலில் விட்டுக் கைகளையும் தலையையும் நுழைத்து, ஒருவர் பிறர் உதவியின்றிச் சில நிமிடங்களில் உள்ளே போய்த் தாமே மூடிக்கொள்ளலாம். ஒரே அளவில் செய்து, கை கால்களின் நீளத்தைப் பட்டைகளால் கூட்டிக் குறைக்கிறார்கள். கையுறை மட்டும் ஆளுக்கேற்ப மாறும். கதவு திறந்திருக்கும்போது ஆக்சிஜன் கலன், கரியமில வாயுவை ஈர்க்கும் பெட்டி, விசிறி, தண்ணீர் ஏற்றும் பம்ப், ஆவியாக்கிக் குளிர்விக்கும் தகடு எல்லாவற்றையும் கதவின் உட்புறத்தில் வரிசையாகக் காட்டலாம். இந்தக் கதவுதான் என் முடிவுக்கு முதற்காரணம்.

அழுத்தக் கணக்கிலும் ஓர்லான் வேறு வழியைத் தேர்ந்தது. அதன் உள்ளழுத்தம் 40 கிலோபாஸ்கல். நிலையத்துக் காற்றில் நைட்ரஜனின் பங்கு ஏறத்தாழ 80 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், உடையின் அழுத்தத்தைப் போல் அது ஓர்லானில் இரண்டு மடங்கு, இ.எம்.யூ.வில் 2.7 மடங்கு. அந்த வேறுபாட்டால் ஓர்லான் அணிபவர் சுமார் அரை மணி நேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தாலே புறப்படலாம், இ.எம்.யூ. அணிபவருக்கு உடைக்குள் மட்டும் என்றால் நான்கு மணி நேரம் தேவை, அல்லது முந்தைய இரவே அழுத்தம் குறைத்த அறையில் படுத்துறங்க வேண்டும். மிச்சமாகும் நேரத்துக்கு விலை விரல்களில் கொடுக்கப்படுகிறது: அழுத்தம் கூடியதால் ஓர்லானின் கையுறையை மடக்குவது இன்னும் கடினம். எந்த உடையானாலும் விண்நடையில் முதலில் களைத்துப்போவது கைதான், இ.எம்.யூ. அணிந்தவர்களிலேயே கையுறையின் உரசலில் நகம் கழன்றவர்கள் உண்டு. காற்றைப் பிடித்துவைக்கும் பையை ஒன்றுக்கு இரண்டாக வைத்திருப்பது ஓர்லானுக்கு இன்னொரு சிறப்பு. சீனா 2008இல் முதல் விண்நடைக்குப் பயன்படுத்திய ஃபெய்த்தியன் உடையும் ஓர்லானின் வழிவந்ததே.

ஓர்லான் பூமிக்குத் திரும்புவதில்லை. நிலையத்திலேயே இருந்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் விண்நடைகள் முடிந்ததும், சரக்குக் கலத்தோடு சேர்ந்து வளிமண்டலத்தில் எரிந்துபோகும். 2006 பிப்ரவரியில் பழைய ஓர்லான் ஒன்றுக்குள் பழந்துணிகளையும் வானொலிக் கருவியையும் அடைத்து, ஆளில்லாத செயற்கைக்கோளாக வெளியே தள்ளிவிட்டார்கள். அந்தப் படத்தைக் காட்டினால் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும் என்பது ஆசிரியர்களுக்கான ஒரு குறிப்பு.

சந்திரனில் நடந்த அப்பல்லோ உடையையும், 2025இல் சுபான்ஷு சுக்லா அணிந்துசென்ற ஸ்பேஸ்எக்ஸ் உடையையும் சிலர் கேட்டார்கள். முதலாவது பயன்பாட்டில் இல்லை. இரண்டாவது, கலத்துக்குள் அணியும் உடை என்பதால் சோகோலுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். அவற்றை நான் மேற்கொண்டு ஆராயவில்லை.

செய்முறைக்கு வருகிறேன். ஓர்லானின் ஓடு அசலில் அலுமினியம் என்றாலும், இங்கே பைபரிலேயே வார்ப்பது நல்லது; உப்புக்காற்றில் அலுமினியம் பூத்து வெளுத்துவிடும். கதவின் கீல்களும் ஆணிகளும் சாதாரண இரும்பாக இருந்தால் முதல் மழைக்காலத்திலேயே துருவேறிக் கதவு சிக்கிக்கொள்ளும்; படகுகளுக்கு வாங்கும் 316 ரக எவர்சில்வர்தான் வேண்டும். வெப்பக் காப்பு அடுக்குகளுக்குச் சிப்ஸ் பாக்கெட்டுகளின் வெள்ளிநிற உட்புறம் போதும். மைலாரும் அதுபோல் அலுமினியம் படியவைத்த நெகிழித் தாள்தான். ஓரிடத்தில் அடுக்குகளைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொன்றையும் விரலால் புரட்டிப் பார்க்கும்படி விட வேண்டும்.

குளிரூட்டும் உள்ளாடையை ஏற்கெனவே சோதித்துப் பார்த்தோம். பழைய பருத்திச் சட்டை ஒன்றின் உட்புறத்தில் மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாயை வளைத்து வளைத்துத் தைத்து, மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் உருகிய தண்ணீரைச் சிறு மோட்டாரால் அதில் ஓடவிட்டோம். வெயிலில் நின்ற மாணவியின் முகம் வியர்த்துக்கொண்டிருக்க, முதுகு சிலிர்க்கிறது என்று சட்டையைக் கழற்றப் பார்த்தாள். குழாய் மடங்கிய இடத்தில் தண்ணீர் நின்றுபோய் அந்தப் பக்கம் மட்டும் சூடாகவே இருந்ததையும் அவளே கண்டுபிடித்தாள். இந்தச் சட்டையை மாதிரிக்குள் மாட்டிவிடாமல், வெளியே போட்டுப் பார்க்கவென்று தனியாக வைக்கலாம்.

அழுத்தத்தை உணரச் செய்யத்தான் தனிக் கருவி வேண்டும். உள்ளழுத்தத்தில் உடை விறைப்பதை நிற்கும் மாதிரியால் காட்ட முடியாது. கனமான சுவருள்ள பெட்டி ஒன்றின் பக்கவாட்டில் துளையிட்டு, அதில் உள்நோக்கி ஒரு கையுறையைக் காற்றுப்புகாமல் பொருத்தி, ஏ.சி. மெக்கானிக் வைத்திருக்கும் வேக்குவம் பம்பால் பெட்டியின் காற்றைச் சற்றே இழுத்தால், கையுறைக்குள் கைவிட்டவருக்கு விண்வெளி வீரரின் விரல் படும்பாடு தெரிந்துவிடும். முழு வெற்றிடம் தேவையே இல்லை, வேறுபாடுதான் கணக்கு. உடைக்குள் 29.6, வெளியே சுழி என்பதும், நம் அறையில் 101, பெட்டியில் 71 என்பதும் கையுறைக்கு ஒன்றே. ஆனால் அந்த வேறுபாட்டிலேயே முப்பது சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடியின் மீது 270 கிலோவுக்கும் மேலான எடைக்கு நிகரான விசை விழும். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை, கையை 24 கிலோ விசையோடு உள்ளே இழுக்கும். ஆகவே பிள்ளைகளுக்கு 10 கிலோபாஸ்கலுக்கு மேல் போகாதபடி, தானே திறந்துகொள்ளும் வால்வு ஒன்றை வைத்தாக வேண்டும். ஜன்னலுக்கு மெல்லிய கண்ணாடி கூடாது, கனத்த அக்ரிலிக் பலகைதான். இந்தப் பெட்டிக்கான செலவைக் குறைப்பதாக இருந்தால் பெட்டியே வேண்டாம் என்பேன்.

ஓர்லானுக்கு எதிராகச் சொல்லத்தக்கது ஒன்றுதான்: யாருக்கும் அதைத் தெரியாது. வாசலில் நுழையும் பிள்ளை “இது என்ன உடை?” என்று கேட்கும். அந்தக் கேள்வி வரட்டும். அதற்குப் பதில் சொல்லத்தானே பின்னால் கதவு இருக்கிறது. எனவே ஓர்லானை ஆளுயர மாதிரியாகவும், சோகோலைப் படமாகவும், இ.எம்.யூ.வைக் கையுறைப் பெட்டியாகவும் வைக்குமாறு பரிந்துரைக்கிறேன். மாதிரியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தக் கூடாது. கதவு முழுவதும் திறக்கவும் பின்னால் நான்கு பேர் நிற்கவும் இடம் வேண்டும்.

ஓர்லான் உடைகளை அடையாளம் காணச் சிவப்புக் கோடும் நீலக் கோடும் போடுவது வழக்கம். தெற்குப் பார்த்த ஜன்னலருகில் நிற்கப்போகும் மாதிரியில் சிவப்பு விரைவில் வெளிறிவிடும் என்பதால் நீலமே இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கரையேறிய படகுகளின் மராமத்துக்குப் பட்டறைகள் நிரம்பிவிடும், நம் ஓட்டுக்கு அச்சு எடுக்க அப்போது ஆள் கிடைக்காது. அடுத்த கூட்டத்திலேயே குழு ஒப்புதல் தந்தால், தடைக்காலத்துக்கு முன்பே வார்ப்பு வேலையை முடித்துவிடலாம்.